கண்ணைச் சிமிட்டினால் போதும்

பையை நான் மடியிலயே வச்சுக்கறேன்க்கா, நீங்க நல்லா சாஞ்சு உட்காருங்க. பாப்பா கால் பட்டா சொல்லுங்க, நகர்த்திக்கறேன். அரூர் வரைக்கும் போறீங்களா? நாங்க அதுக்கு முன்னால, பள்ளிப்பட்டியில இறங்கிடுவோம்.

என் காதைத்தானே பாக்கறீங்க. எல்லாரும் அதைத்தான் முதல்ல பாப்பாங்க. விளக்குமாத்துக் குச்சிதான்க்கா. தோடு கழட்டி ஏழு மாசமாச்சு, ஓட்டை தூர்ந்துடக் கூடாதில்ல. நாளைக்குத் தங்கம் திரும்பி வந்தா போட எடம் வேணும். நான் எதையும் முன்கூட்டி யோசிக்கறவ.

பாவம்னு நினைக்காதீங்க. இன்னைக்கு எனக்கு ரொம்ப நல்ல நாள். யார்கிட்டயாவது சொல்லணும் போல இருந்தது, நீங்க பக்கத்துல வந்து உட்கார்ந்தீங்க. அவர்கிட்ட இப்போ பேச முடியாது. அதோ, டிரைவருக்குப் பின்னால மூணாவது சீட்டு, நீலச் சட்டை, குனிஞ்ச தலை. அவர்தான் எங்க வீட்டுக்காரர். வேலையா இருக்கார்.

எங்கம்மா வீட்டுல எதையும் வீணாக்க மாட்டோம்க்கா. டீத்தூள் பாக்கெட் வாங்கினா டம்ளர் தருவான் பாருங்க, அந்த மாசம் பாத்து எங்கம்மா ஒரு வருஷத்துக்கான தூளையும் வாங்கிடும். தூள் பாதி பூசணம் புடிச்சுப் போகும். போனா என்ன, டம்ளர் இருக்கில்ல. இருபத்துநாலு டம்ளர் சேர்த்துத்தான் என்னைக் கட்டிக்குடுத்தது. நான் படிச்சது எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல பத்தாவது வரைக்கும். கணக்கு சார் சொல்வார், மிச்சம் வராம வகுக்கறதுல வினோதினியை அடிச்சுக்க ஆளில்லன்னு. அந்தக் கணக்குதான் இன்னைக்கு எனக்குச் சோறு போடுது. சோறுன்னா சோறு இல்லை. ஒரு பேச்சுக்குச் சொல்றேன்.

எங்க வீட்டுக்காரர் சின்ன யானை வச்சிருந்தார். யானை இல்லக்கா, அந்தச் சின்ன லோடு வண்டி. மரவள்ளிக் கிழங்கு ஏத்திட்டு ஜவ்வரிசி ஆலைக்குப் போவார். சீசன்ல ஆலை வாசல்ல வண்டிங்க வரிசையா நிக்கும். முறை வர்றதுக்குள்ள எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் ஆயிடும். அங்க எவனோ போன்ல சீட்டாடப் பழக்கி விட்டுட்டான். ரம்மி இல்லை. போக்கர்னு ஒண்ணு. நம்ம கையில ரெண்டு சீட்டு, நடுவுல எல்லாருக்கும் பொதுவா அஞ்சு சீட்டு. ஒவ்வொரு சீட்டு திறக்கும்போதும் உள்ள காசு போடணும், முடியலன்னா கீழ வச்சிட்டு ஒதுங்கிடணும்.

தெரிஞ்சதும் நானும் எல்லாப் பொம்பளையும் மாதிரி சண்டைதான் போட்டேன். ரெண்டு நாள் அடுப்பு பத்த வைக்கல. மூணாவது நாள் அவர் குளிக்கப் போனப்போ போனை எடுத்து நோண்டினேன். மூலையில சின்னதா ஒரு நட்சத்திரம், பக்கத்துல பதினோராயிரத்துச் சொச்சம்னு போட்டிருந்தது.

"மாமா, இது என்ன?"

"அது ஏதோ பாயிண்ட்டு. ஆடறவனுக்குக் குடுப்பான். அதையெல்லாம் எவன் பாக்கறான்."

எவன் பாக்கறானாம். பதினோராயிரம் பாயிண்ட்டை அனாதையாப் போட்டு வச்சிருக்கற மனுஷனை என்ன செய்யறது சொல்லுங்க. அன்னைக்கே சண்டையை விட்டுட்டேன். சமைச்சேன். கருவாட்டுக் குழம்பு. அவர் பயந்துட்டே சாப்பிட்டார்.

உங்க வீட்டுல யாராச்சும் ஆடினா உதவும், கேட்டுக்குங்க. பாயிண்ட் ஜெயிக்கறதுக்கு வர்றது இல்லை. ஒவ்வொரு ஆட்டத்துலயும் மேசை நடத்தறவன் தனக்குன்னு கொஞ்சம் எடுத்துக்குவான். அவன் எடுக்கறதுக்குத் தகுந்த மாதிரி நமக்குப் பாயிண்ட். நாம ஜெயிச்சாலும் அதே பாயிண்ட், தோத்தாலும் அதே பாயிண்ட். தோத்தவனையும் சமமா நடத்தற எடம் வேற எங்கக்கா இருக்கு?

இவருக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. சீட்டு சரியில்லன்னா கீழ வச்சிட்டு சும்மா வேடிக்கை பாத்துட்டு இருப்பார். பத்து ஆட்டத்துல எட்டு ஆட்டம் அப்படித்தான். காசு போடாத ஆட்டத்துக்குப் பாயிண்ட் கிடையாது. பொழுதும் போச்சு, பாயிண்ட்டும் போச்சு. நான் பக்கத்துல உட்கார்ந்து சொல்வேன், போடு மாமா.

"வினோ, கையில ஒண்ணுமில்ல. ரெண்டும் ஏழும்தான் இருக்கு."

"இருந்தா என்ன, போடு. பாயிண்ட் வருதில்ல."

ஒரே மாசம். பாயிண்ட் மூணு மடங்கு ஏறிடுச்சு. எட்டு வருஷமா வண்டி ஓட்டின மனுஷனுக்கு ஓட்டத் தெரியல பாருங்க, நான் வந்து உட்கார்ந்த பிறகுதான் வேகம் புடிச்சது.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ரெட்டிப்புப் பாயிண்ட். அன்னைக்கு எந்த விசேஷத்துக்கும் போக மாட்டோம். ஆரம்பத்துல நானும் விவரமில்லாம சின்னச் சின்னதா மாத்திட்டேன். இந்த ஹாட் பாக்ஸ் பாருங்க, மடியில வச்சிருக்கேனே, இது அஞ்சாயிரம் பாயிண்ட். சுவர்க் கடிகாரம் ஒரு நாலாயிரம். பக்கத்து வீட்டுச் செண்பகம் வந்து தொட்டுத் தொட்டுப் பாத்தா. "காசே குடுக்காம வந்துச்சாடி?"ன்னா. "காசே குடுக்காம"ன்னேன். அவ முகம் போன போக்கைப் பாக்கணுமே. அப்புறம் உட்கார்ந்து வகுத்துப் பாத்தேன். ஹாட் பாக்ஸுல நமக்குப் பாதி நஷ்டம். ஐம்பதாயிரம் சேர்ந்தா ஒரு கிராம் தங்கக் காசு குடுக்கறான், அதுலதான் ஒரு பாயிண்ட்டுக்கு முழு மதிப்பு. அதிலிருந்து எதையும் மாத்தல. வர்ற தை மாசம் பாப்பாவுக்குக் காது குத்தணும், அந்தக் காசை உருக்கித் தோடு பண்ணிடலாம்னு முடிவு பண்ணினேன். பாப்பா காதைப் பாருங்க, எவ்வளவு சின்னது. ஒரு கிராம் தாராளம்.

நடுவுல இவர் ஒரு நாள் வந்து நின்னார்.

"வினோ, நான் இதை விட்டுடறேன்."

"விடு மாமா. யாரு வேணாம்னா. ஐம்பதாயிரம் ஆனதும் விடு."

"அதுக்குள்ள ஒண்ணும் மிஞ்சாது."

"பாயிண்ட் மிஞ்சும்."

அன்னைக்கு அந்த ஆப்பையே அழிச்சிட்டார். அத்தனை பாயிண்ட்டும் போச்சுன்னு நினைச்சேன்க்கா. நல்லவேளை, அழிச்சா ஆப்தான் போகும், பாயிண்ட் போகாது. அவர் தூங்கும்போது மறுபடி ஏத்தி வச்சேன். எழுந்து பாத்தார். திட்டுவார்னு நினைச்சேன், திட்டல. ரொம்ப நேரம் என்னையே பாத்துட்டு இருந்தார். பெருமையாத்தான் இருந்திருக்கும்.

ஆடறதுக்குக் கையில இல்லன்னார். தோட்டைக் கழட்டிக் குடுத்தேன். "அது உங்கம்மா போட்டது, வேணாம்"னார். ஒரு கிராம் தங்கம் வரப்போகுது மாமா, இப்போ போயி கணக்குப் பாக்கறியேன்னேன். என் தோடு ஆறு கிராம்தான், அதுவும் பழசு. வர்றது புத்தம் புதுசு, டப்பாவுல வச்சுத் தருவான்.

வண்டி ஆடி மாசம் போச்சு. அதை நான் பெருசா எடுத்துக்கல. வண்டின்னா டயர் தேயும், இன்சூரன்ஸ் கட்டணும். பாயிண்ட்டுக்கு அந்தச் செலவெல்லாம் கிடையாது. அதுக்கப்புறம் அதே ஆலையில மூட்டை இறக்கப் போனார். பழகின டிரைவருங்க கேலி பண்ணுவாங்களாம். "என்ன முதலாளி, இன்னைக்கு யானையே மூட்டை தூக்குது?"ம்பாங்களாம். வந்து சொல்லிட்டு உட்கார்ந்திருப்பார். நான் சிரிச்சுட்டேன். நல்லாத்தானே சொல்லியிருக்காங்க.

அப்புறம் ஒரு நாள் போனை என் கையில குடுத்தார். "இதை நீ வச்சுக்க. நான் கேட்டாலும் குடுக்காத. கால்ல விழுந்தாலும் குடுக்காத"ன்னார்.

கேட்டார். கால்லயும் விழுந்தார். நான் குடுக்கலக்கா. அந்த வாரம் மட்டும் ஞாயித்துக்கிழமை ரெட்டிப்பு இல்லன்னு போட்டிருந்தான்.

இதையெல்லாம் எங்க அத்தை, அவரோட அம்மா, தப்பாப் புரிஞ்சுக்கிச்சு. பால் கறந்துட்டு இருந்த மாட்டை வித்து, மகனைக் கூட்டிட்டுப் போயி, நீங்க ஏறினீங்களே அதுக்கு ரெண்டு ஸ்டாப் முன்னால ஒரு மறுவாழ்வு இல்லம் இருக்கு, அங்க சேர்த்துடுச்சு. குடிகாரங்க இருக்கற எடம்க்கா. எங்க வீட்டுக்காரர் குடிச்சதே இல்லை. மூணு மாசத்துக்கு மொத்தமா கட்டிடுச்சு. போன் ஆகாது, டிவி ஆகாது. மாசம் ஒரு ஞாயிறு, ரெண்டு மணி நேரம் பாக்கலாம். போன மாசம் பாப்பாவுக்குக் காய்ச்சல், வர முடியல. இன்னைக்குத்தான் முதல் தடவை.

போன வாரம் போன்ல ஒரு மெசேஜ் வருது. அறுபது நாள் ஆடாம இருந்தா எல்லாப் பாயிண்ட்டும் ரத்தாம். எண்ணிப் பாத்தா அறுபதாவது நாள் இன்னைக்கு. கணக்குல நாற்பத்தெட்டாயிரத்து அறுநூறு இருக்கு. இன்னும் ஆயிரத்து நானூறு சேர்ந்தா தங்கம். எனக்குச் சோறு இறங்கல.

ஒரு ஆட்டம் ஆடினா போதும், பாயிண்ட் உயிரோட இருக்கும். ஆனா ரொம்ப நாள் திறக்காததால ஆள் அவர்தானான்னு முகத்தைக் கேக்குது. முகத்தை நேரா காட்டி ஒரு தடவை கண்ணைச் சிமிட்டணும். எங்க கல்யாண ஃபோட்டோவைக் காட்டினேன், ஃபோட்டோ சிமிட்டுமா? பாப்பா அப்பனை உரிச்சு வச்சிருக்கான்னு எல்லாரும் சொல்றாங்களேன்னு பாப்பா முகத்தைக் காட்டினேன். இவ சிமிட்டு சிமிட்டுன்னு சிமிட்டினா. ஏமாறல. அந்தக் கம்பெனிக்காரன் நம்மளை விடக் கெட்டிக்காரன்.

அதனால பணியாரம் சுட்டேன். ஹாட் பாக்ஸுல கீழ பாலிதீன் கவர்ல சுத்தி போனை வச்சு, மேல பணியாரத்தை அடுக்கினேன். ஆடறதுக்கு முதல் வேணுமே, பாப்பா கொலுசை நேத்தே கழட்டி அடகு வச்சுப் பணத்தைப் போன்ல ஏத்தியாச்சு. ஆமாக்கா, அந்தத் தழும்பு கொலுசுத் தழும்புதான். ரெண்டு நாள்ல போயிடும்.

போனா ஆள் எப்படி இருக்கார்ங்கறீங்க. கன்னம் வச்சிருக்கு. பாப்பாவை வாங்கித் தலைக்கு மேல தூக்கிட்டார். அங்க நியூஸ்பேப்பர்ல கவர் ஒட்டக் கத்துக் குடுக்கறாங்களாம், அந்தப் பேப்பர்ல பாப்பாவுக்கு ஒரு தொப்பி செஞ்சு வச்சிருந்தார். அதோ போட்டிருக்காளே, அதுதான். ஒரு நோட்டைக் கொண்டாந்து காட்டினார். ஒரு நாளைக்கு ஒரு கோடு. நாற்பத்தேழு கோடு.

"நேத்து கனவுல சீட்டே வரல வினோ. கிழங்குதான் வந்துச்சு. வெளியில வந்ததும் வாடகை வண்டி ஓட்டறேன். ஒரு வருஷத்துல உன் தோட்டை மீட்டுடறேன்."

சரி சரின்னு கேட்டுட்டு, பணியாரம் சாப்பிடச் சொன்னேன். ரெண்டு எடுத்தார். மூணாவது எடுக்கும்போது கவர் தெரிஞ்சுது. கையில இருந்ததைத் திரும்ப உள்ள வச்சிட்டார்.

"எடுத்துட்டுப் போயிடு."

"ஆட வேணாம் மாமா. கண்ணை மட்டும் சிமிட்டு."

"வினோ, நாற்பத்தேழு நாள்."

"கண்ணைத்தானே சிமிட்டச் சொல்றேன். காசா பணமா?"

கண்ணை இறுக்க மூடிக்கிட்டார்க்கா, ஊசி போட வந்தா புள்ளைங்க மூடுமே, அந்த மாதிரி. நேரம் ஓடிட்டே இருக்கு. நான் என்ன பண்ணினேன், பாப்பாகிட்ட சொன்னேன், "அப்பா கண்ணாமூச்சி ஆடறார் பாரு, திற பாப்பா"ன்னு. இவ மடியில ஏறிச் சிரிச்சுக்கிட்டே அவர் கண்ணிமையைப் புடிச்சு இழுக்கறா. அவருக்கும் சிரிப்பு வந்துடுச்சு. புள்ளையைப் பாக்கலாம்னு கண்ணைத் திறந்தார். புள்ளைக்கும் அவருக்கும் நடுவுல போனை வச்சிட்டேன்.

சிமிட்டினார். திறந்துடுச்சு.

"முடிஞ்சுதுல்ல, எடுத்துட்டுப் போ"ன்னார். முடியலையே, ஒரு ஆட்டம் ஆடணுமே. "நீயே ஆடு"ன்னு முகத்தைத் திருப்பிக்கிட்டார். எனக்கு ஆடத் தெரியாது, கணக்குதான் தெரியும். சீட்டு வந்துடுச்சு. நேரம் முடியறதைக் காட்டற பச்சைக் கோடு குறைஞ்சுக்கிட்டே போகுது. நான் எதையோ அமுக்கப் போனேன். "அது இல்ல"ன்னார். திரும்பாமத்தான் சொன்னார். "ராஜா வச்சுக்கிட்டு அதை அமுக்குவாங்களா"ன்னார். அப்புறம் கை தானா வந்துச்சு.

ஜெயிச்சிட்டார்க்கா. மூணு ராஜா. அப்போ அவர் முகத்தைப் பாத்திருக்கணும் நீங்க, கல்யாணமான புதுசுல இருந்த முகம். நான்தான் கொண்டு வந்தேன் அந்த முகத்தை. நாற்பத்தேழு நாளா அவங்களால முடிஞ்சுதா?

அதுக்கப்புறம் நான் ஒண்ணும் சொல்ல வேண்டி வரல. பாப்பா தொப்பியைக் காட்டி அப்பா அப்பான்னு தட்டறா, அவர் தோளால மெல்ல ஒதுக்கிட்டே ஆடறார். மணி அடிச்சாங்க. பாக்க வந்தவங்க எல்லாரும் எழுந்து போயாச்சு. வார்டன் வந்தார். வயசான மனுஷன், அவரும் முந்தி குடிச்சவராம். கத்துவார்னு பாத்தேன், கத்தல. எதிர்ல ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"தம்பி, இங்க இருக்கணும்னா போனை மேசை மேல வச்சிடுங்க. இல்லன்னா கிளம்ப வேண்டியிருக்கும். எது வேணும்?"

இவர் நிமிர்ந்து அவரைப் பாத்தார். போனைப் பாத்தார். "ஒரு நிமிஷம் சார்"னார்.

வார்டன் ஒரு நிமிஷம் உட்கார்ந்திருந்தார். ரெண்டு நிமிஷம் உட்கார்ந்திருந்தார். ஒரு கால் மணி நேரம் இருக்கும்க்கா, அந்த மனுஷன் வாயே திறக்காம உட்கார்ந்திருந்தார், தங்கமான குணம். அப்புறம் எழுந்து போயி இவரோட துணி மூட்டையைக் கொண்டாந்து என் பக்கத்துல வச்சார். அந்த நோட்டையும் மேல வச்சார். அதுல இன்னும் நிறைய வெள்ளைத்தாள் இருக்கு, பாப்பா பள்ளிக்கூடம் போறப்போ ஆகும்.

எனக்கு ஒரே ஒரு மனக்குறைதான். மூணு மாசத்துக்குக் கட்டினது, ஒண்ணரை மாசம்தான் இருந்தார். பாக்கியைத் திருப்பித் தரணுமா இல்லையா? கேட்டேன். வார்டன் என்னைப் பாத்துட்டு, "உங்க மாமியாரை வரச் சொல்லுங்கம்மா, அவங்க கையில குடுக்கறேன்"னார். ஏன், என் கையில குடுத்தா ஆகாதா? படிச்சவங்களுக்கும் பொம்பளைன்னா இளக்காரம்தான்.

அத்தை இப்போ வாசல்ல எங்களை எதிர்பாத்துட்டு இருக்காது. நான் மட்டும்தானே வருவேன்னு நினைச்சிட்டு இருக்கும். மகனைக் கண்டா அப்படியே பூரிச்சுப் போயிடும்.

நீங்க ஏறினீங்க பாருங்க, அந்த நேரத்துலதான் ஐம்பதாயிரம் தொட்டது. இங்கிருந்தே கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். தங்கம் வந்தாச்சுக்கா. ஒரு வாரத்துல வீட்டுக்கு வந்துடும்.

ஆனா ஒண்ணு. ஐம்பதாயிரம் தாண்டினதும் ஆள் வைரம்ங்கற மேல் படிக்கு ஏறிட்டார். வைரத்துல என்னன்னா, அதே ஆட்டத்துக்கு ஒண்ணரை மடங்கு பாயிண்ட். இதுவரைக்கும் நாம பட்டதெல்லாம் அரை விலைக்குப் பட்டது, இனிமேதான் லாபமே. மூணு மாசம் விடாம ஆடினாத்தான் வைரம் நிக்கும், விட்டா கீழ இறக்கிடுவான். அதுக்கு முதல் வேணும். தங்கக் காசு வந்ததும் அப்படியே வித்துட வேண்டியதுதான். காது குத்தறதை அடுத்த தைக்குத் தள்ளிக்கலாம். இவ காது எங்க ஓடிடப் போகுது.

உங்க தோடு நல்லா இருக்கே. எட்டு கிராம் இருக்குமா? கையை எடுங்கக்கா, சும்மா பாக்கறேன். உங்க மருமகன் என்ன பண்றார்? போன் வச்சிருப்பார்ல? ஆடாட்டியும் பரவாயில்ல, பேர் சொல்லிச் சேர்த்து விட்டாலே நமக்கு முந்நூறு பாயிண்ட்.

பள்ளிப்பட்டி வந்துடுச்சு. மாமா. மாமா, இறங்கணும். கேக்கல அவருக்கு. பாப்பா, அப்பாவைக் கூப்பிடு. பாருங்க, கூப்பிட மாட்டேங்கறா. கண்டக்டர் விசில் அடிக்கட்டும் விடுங்கக்கா, பாதி ஆட்டத்துல எழுந்தா அந்தப் பாயிண்ட் வராது. அடுத்த ஸ்டாப்புல இறங்கி நடந்து வந்துக்கறோம். இவ முந்தியெல்லாம் அப்பா அப்பான்னு ஓயாம அவர் கையைப் புடிச்சு இழுத்துட்டே இருப்பா, ஆட்டம் கெடும். மத்தியானம் அங்க வச்சுக் கூட நாலஞ்சு தடவை தட்டினா. அதுக்கப்புறம் ஒரு தடவை கூடக் கூப்பிடல. ஒரே நாள்ல பழகிட்டா பாருங்க. சமத்து.